வலி தெரியாத காலுக்கு ஒரு சோடிச் செருப்பு

குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டில், புதிதாகப் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தரையில் இரத்தம் தெரிந்தது. வாசலில் தொடங்கி, கட்டிலைச் சுற்றி, தண்ணீர்க் குடம் இருந்த மூலைவரை சிவப்புச் சிவப்பாக அடையாளங்கள். வீட்டுக்காரி நஜ்முன் நிஸா நெஞ்சில் கை வைத்துக் கத்தினாள்.

"மிஸ்ஸி, என்ட மகளுக்கு இரத்தம் போகுது!"

மருத்துவ மாது பூரணி ஒரு நொடியில் போர்வையை விலக்கிப் பார்த்தாள். அடிவயிற்றை அழுத்தினாள். நாடி பிடித்தாள். தாயிடம் ஒரு குறையும் இல்லை. பிள்ளையின் தொப்புளைப் பார்த்தாள். அதுவும் காய்ந்துதான் கிடந்தது. அப்படியானால் இந்த இரத்தம் எங்கிருந்து வந்தது? வியர்வை வழிய அவள் மறுபடியும் தாயின் பக்கம் குனிந்தபோது, கட்டிலில் கிடந்தவள் மெல்லச் சொன்னாள்.

"மிஸ்ஸி... ஒங்கட காலு."

வலது உள்ளங்காலில் சிப்பி ஓட்டின் துண்டொன்று முழுதாக இறங்கியிருந்தது. வழியில் மெல்லிய றப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றியபோது ஓடு காலோடு வந்துவிட்டது. அதன் மேலேயே அவள் வீடு முழுக்க நடந்திருக்கிறாள்.

"நோகல்லயா மிஸ்ஸி?" என்று நஜ்முன் நிஸா கேட்டாள்.

பூரணி குனிந்து துண்டை இழுத்து எடுத்தாள். நோகவில்லை. அவள் பயந்தது அதனால்தான்.

இது நடந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டு. பூரணிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கிண்ணியாவில் அரசாங்கம் கொடுத்த சிறிய குவாட்டர்ஸில் அவளும் கணவர் சிவகுருநாதனும் இருந்தார்கள். அவர் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கிளாக்கர். காலையில் பாதை ஏறி, அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்த மிதவையில் ஏறி, பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போவார். பூரணி வெள்ளைச் சேலையும் கையில் பெட்டியுமாக எதிர்த்திசையில் நடப்பாள். களப்போரம், வயல் வரம்பு, மணல் ஒழுங்கை, பற்றைக் காட்டுக்குள் போகும் ஒற்றையடித் தடம். பஸ் போகாத இடமெல்லாம் அவளுடைய இடம்.

சீனி வருத்தம் எனும் நீரிழிவு வந்து வருடக்கணக்காகியிருந்தது. குளிசை போட்டாள், சோற்றைக் குறைத்தாள், அவ்வளவுதான். கால் விறைப்பதை நடந்த களைப்பென்று எடுத்துக்கொண்டாள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் டொக்டர் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, அவளைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் பஞ்சுத் துண்டொன்றை எடுத்துக்கொண்டார்.

"நான் தொடேக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்கோ."

பூரணி கண்ணை மூடிக் காத்திருந்தாள். நேரம் போனது. "தொடங்கேல்லையோ டொக்டர்?" என்று கேட்டாள்.

"முடிச்சிட்டன்," என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற சிவகுருநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். இந்தக் காயம் ஆறும், ஆனால் மெதுவாகத்தான் ஆறும். இன்னொன்று வந்து அழுகினால் காலைக் காப்பாற்ற ஏலாமல் போகலாம். டவுனில் கிளினிக்கில் இருந்து செய்கிற வேலைக்கு மாற்றம் கேட்பது நல்லது. நடக்கத்தான் வேண்டுமென்றால் இந்த றப்பர் செருப்பை அடுப்பில் போட்டுவிட வேண்டும். முள் ஏறாத தடித்த அடி வேண்டும். உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். விரல்களை முன்னால் மூடியிருக்க வேண்டும், குதிக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சிவகுருநாதன் தொடங்கிவிட்டார்.

"பூரணி, நீர் இனி நடக்க வேண்டாம். நாளைக்கே மாற்றம் கேட்பம்."

"கேட்டா? அங்க வேற ஆரும் வருவினமோ? எனக்கு முந்தி ரெண்டு பேர் வந்து நிக்கேலாமல் போனவை."

"அது அரசாங்கத்தின்ர பாடு. கால் உம்முடையது."

"என்ர கால் எண்டபடியாத்தான் சொல்லுறன். முதல்ல செருப்புப் பாப்பம்."

கோபம் வந்தால் அவருக்கு நடை வேகமாகும். காயக் கட்டோடு நொண்டி வந்தவளை விட்டுவிட்டு முன்னால் போய், பிறகு நின்று, திரும்பி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

காயம் மூடக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் எடுத்தது. அதன்பின் ஒரு பின்னேரம் இருவரும் டவுன் கடைத்தெருவில் ஹிஸ்புல்லாவின் சப்பாத்துக் கடைக்குப் போனார்கள். வெளிநாட்டுச் சாமான்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம். சில வருடங்களுக்கு முன் வெறுமையாகக் கிடந்த தட்டுகளில் விதம்விதமாக அடுக்கியிருந்தது. ஹிஸ்புல்லா பெண்களுக்கான செருப்புகளைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்.

"இதப் போட்டு நடந்து பாருங்க மிஸ்ஸி. வசதியா இருக்கா?"

பூரணி கடைக்குள் நடந்தாள். வசதியா? கால் எங்கேயோ இருந்தது, செருப்பும் எங்கேயோ இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிறதா என்றே தெரியவில்லை. அடுத்ததைப் போட்டாள். அதற்கடுத்ததையும். கடைசியில் ஒரு கறுப்புச் சோடி, ஒடுங்கிய முன்பக்கம், பளபளப்பான கொளுக்கி. அதைப் போட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"இதுதான். இது காலைப் பிடிக்குது. போட்டிருக்கிறது தெரியுது."

"நல்ல சாமான்," என்றார் ஹிஸ்புல்லா.

சிவகுருநாதன் குனிந்து பார்த்தார். சின்ன விரல் வாருக்கடியில் மடிந்து வெளிறிப் போயிருந்தது.

"கழட்டும்," என்றார்.

"ஏன்?"

"கழட்டும் எண்டு சொல்லுறன். அது இறுக்கம். இறுக்கமா இருக்கிறபடியாத்தான் உமக்குத் தெரியுது."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் பூரணியைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் காலுக்குச் செருப்புத் தெரிவு செய்யத் தெரியாதவளாய் ஊருக்கு முன்னால் நிற்கிறாள். கதிரையில் அமர்ந்து அந்தக் கறுப்புச் சோடியைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வலது கையை அதற்குள் விட்டாள்.

தாயின் வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எங்கே, கால் எங்கே என்று தேடிப் பழகிய விரல்கள். அவை செருப்புக்குள் மெல்ல ஊர்ந்தன. பெருவிரல் வருமிடத்தில் தையல் ஒன்று முடிச்சாக நின்றது. குதிப் பக்கம் தடவியபோது ஊசிமுனை போல ஏதோ விரலில் குத்தியது. அடியில் அடித்த ஆணியின் நுனி. கையை வெளியே எடுத்தாள். விரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம்.

ஹிஸ்புல்லாவும் அதைப் பார்த்தார். "அல்லாஹ்வே," என்று சொல்லிக்கொண்டு செருப்பை வாங்கி அப்பால் வைத்தார். அதன் பிறகு கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

பூரணி ஒவ்வொன்றையும் கையாலேயே பார்த்தாள். அடியை இரண்டு கையாலும் வளைத்தாள். துணிபோல மடிந்தவற்றையும் மரம்போல நின்றவற்றையும் தள்ளினாள். சிவகுருநாதன் பழைய பத்திரிகைத் தாளை நிலத்தில் விரித்து, அவளை அதில் நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். அந்த வடிவத்தை வெட்டிச் செருப்புக்குள் வைத்தபோது, பெண்களுக்கான எல்லாச் செருப்பிலும் தாள் ஓரத்தில் சுருங்கியது. கடைசியில் சுருங்காமல் படுத்தது ஆண்களுக்கான ஒன்றில்தான். மண்ணிறத் தோல், விரலை மூடிய அகன்ற முன்பக்கம், பின்னால் கொளுக்கி வைத்த வார், ரயர் போல வெட்டுப் போட்ட தடித்த அடி.

"இது ஆம்பிளையள் போடுறது மிஸ்ஸி," என்றார் ஹிஸ்புல்லா தயங்கி.

"ஆர் போடுறதெண்டு கால் கேட்கேல்லையே," என்றாள் பூரணி.

முதல் கிழமைகளில் அதை வீட்டுக்குள் மட்டும், கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாகப் போட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் குசினி வாசலில் அவள் இருக்க, சிவகுருநாதன் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். அவ்வளவு காலக் குடும்ப வாழ்க்கையில் அவர் அவள் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. முதல் நாள் இருவருக்கும் கூச்சம். ஒரு நாள் சின்ன விரலோரம் சிவந்திருந்தது. வாரை ஒரு துளை தளர்த்திவிட்டு, மறுநாள் அந்தச் சிவப்பு மறையும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

குறிஞ்சாக்கேணியில் யாருக்கும் பூரணி இதைச் சொல்லவில்லை. சிப்பி ஓடு காலில் ஏறியதை எல்லோரும் அறிவார்கள். கால் விறைத்தது தெரியாது. தெரிந்தால் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்தாள்.

மாரி தொடங்கியதும் ஜமால்தீன் வந்தான். களப்புக்கு அப்பால் குடியிருந்த மீன்பிடிகாரன். காலையிலிருந்து மனைவி அசனாவுக்கு வலி, பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. பூரணி பெட்டியைத் தூக்கினாள். சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவன், தடம் சேறாகிய இடத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தான். பகல்தான், ஆனால் மழை இருட்டு. கண்டல் மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு அடிக்கும் காலுக்கடியில் சிப்பி ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்துத்தான் அவளுக்கு நிலம் தெரிந்தது.

வீட்டின் கூரை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இடது கால் முழங்கால்வரை புதைந்தது. இழுத்தாள். கால் மட்டும் வந்தது. கொளுக்கி அறுந்து, செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது.

அந்த நேரம் அசனாவின் குரல் கேட்டது.

"கெதியா வாங்க மிஸ்ஸி!" என்றான் ஜமால்தீன்.

பூரணி ஒற்றைக் காலில், கண்டல் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ர செருப்பு. அதை எடுத்துத் தாரும்."

அவன் நம்பாதவன் போலப் பார்த்தான். "செருப்பா? அங்க என்ட பொஞ்சாதி சாகக் கிடக்கா, நீங்க செருப்புத் தேடுறீங்களா? வெறுங்காலோட வாங்க. நாங்கெல்லாம் நடக்கல்லயா?"

அவன் கேட்டதில் பிழையில்லை. முன்னால் கிடந்த தூரம் அதிகமில்லை. ஓடு கிழித்தாலும் இப்போது தெரியாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூரணி தூக்கிய காலை இறக்கப் போனாள். இறக்கவில்லை.

"தம்பி, எனக்கு ரெண்டு காலிலயும் உணர்வில்லை. சீனி வருத்தம். வெட்டினாலும் எனக்குத் தெரியாது. இன்னொரு காயம் வந்தா காலை எடுத்துப்போடுவினம். பிறகு நான் இஞ்ச வரவே ஏலாது."

ஜமால்தீன் அவள் காலைப் பார்த்தான். அப்படியே சேற்றில் முழங்காலிட்டுத் தோள்வரை கையை விட்டான். வீட்டிலிருந்து மறுபடி குரல் வந்தது. அவன் அழுதுகொண்டே துழாவினான். கையில் அகப்பட்ட வேர்த்துண்டை எடுத்து எறிந்தான். கடைசியில் சேறு சொட்டச் செருப்பு வந்தது. அவன் தலைத்துணியைக் கிழித்துக் கொடுக்க, அவள் அதைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

வாசலில் ஜமால்தீனின் தாய் ஆமினா உம்மா நின்றாள். பூரணி செருப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கைகளையும் கால்களையும் கழுவி, "கட்டில்வரை பாய் விரியுங்கோ உம்மா," என்றாள். வெறுங்கால் நிலத்தில் படாமல் பாயின் மேலேயே நடந்தாள்.

பிள்ளையின் தலை வந்துகொண்டிருந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. பூரணி விரலை விட்டு ஒரு சுற்றைத் தலைக்கு மேலால் எடுத்தாள். மற்றது இறுகியிருந்தது. இரண்டு இடத்தில் கவ்வி, நடுவில் வெட்டினாள். பெண் பிள்ளை வழுக்கி வெளியே வந்தது. நீலம். அசைவில்லை.

பூரணி பிள்ளையின் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. சிறிய மூக்கையும் வாயையும் தன் வாயால் மூடி, கன்னத்திலிருந்த காற்றை மட்டும் மெல்ல ஊதினாள். மறுபடியும். மறுபடியும். ஆமினா உம்மா ஓதத் தொடங்கியிருந்தாள். பிள்ளையின் கால் ஒன்று உதறியது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகுதான் அழுகை.

வெளியே ஜமால்தீன் மழைக்குள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

எல்லாம் முடிந்தபின் பூரணி சுவரில் சாய்ந்து, "உம்மா, என்ர காலைக் கொஞ்சம் பாருங்கோ," என்றாள். உள்ளங்காலில் காயமில்லை. இடது குதியில் மட்டும், கட்டிய துணி உரசிச் சிறு காசளவு தோல் போயிருந்தது.

அன்று பின்னேரம் சிவகுருநாதன் அதைக் கண்டதும் கழுவிக் கட்டினார். நடந்ததைச் சொல்லிவிட்டுப் பூரணி கேட்டாள்.

"செருப்புத் தேடின நேரத்துக்குள்ள அந்தப் பிள்ளை போயிருந்தா?"

அவர் கட்டை முடிந்துகொண்டிருந்தார். "தெரியாது," என்றார். "எனக்கும் அதுதான் பயம்."

குதி ஆறுமா என்று அடுத்த நாட்களெல்லாம் இருவரும் பயந்திருந்தார்கள். ஆறியது. கொளுக்கியைப் புதிதாக வைத்துத் தைத்தார்கள், வாரின் உட்பக்கம் மெல்லிய துணி ஒட்டினார்கள். அவள் மறுபடி நடக்கத் தொடங்கியபோது, கால் விறைத்த விசயம் களப்பைச் சுற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் பெண்கள் கேட்காமலே அவள் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, இழுத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, அசனாவின் பிள்ளையைப் பார்க்கப் போனபோது, சிவகுருநாதன் தானும் வருவதாகச் சொன்னார். கந்தோருக்குப் போடும் சப்பாத்தோடு வந்து, முதல் சேற்றிலேயே ஒன்றை இழந்து, வேரில் தடக்கி இரண்டு கையையும் ஊன்றினார். எழும்பி நின்று, முன்னால் நீண்டு போன கண்டலையும் தண்ணீரையும் பார்த்தார்.

"இந்த வழியிலயா நீர் இவ்வளவு காலமும் வந்து போனனீர்?"

"இது நல்ல நாள்," என்றாள் பூரணி. "கையைப் பிடியுங்கோ."

இந்த வழியால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்று கண்டவர், மாற்றம் கேட்பதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.