ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுங்கள்

முன்ஜிக்குக் கையெழுத்து என்றால் பயம். உலகத்தில் பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, கடன்காரனுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. தூனிஸ் நகரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஆயுசில் பாதியைக் கழித்த இந்த மனிதருக்குத் தன் பேனாவைக் கண்டாலே ஓடி ஒளியத் தோன்றும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய வேலையே கையெழுத்துப் போடுவதுதான். தொழிற்சாலைக்காரர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க முயன்றால் செலவில் பாதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். எந்த முயற்சிக்குக் கொடுக்கலாம் என்று பார்த்து ஒப்பமிடுவது முன்ஜியின் பிரிவு.

ஆரம்பத்தில் மனுஷன் இப்படி இல்லை. வடக்கே பேஜா ஊரில் கோதுமை பயிரிடுகிற வீட்டில் பிறந்து, பொறியியல் படித்து, சுறுசுறுப்பாக வேலைக்கு வந்தவர். நாபுலில் ஓடு சுடுகிற ஒருவன் பாதி எரிபொருளில் சூளையை எரித்துக் காட்டுகிறேன் என்றபோது, தானே போய்ச் சூளை வாயில் எட்டிப் பார்த்துப் புருவத்தைக் கருக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி ஹாயத் ஒரு வாரம் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சூளை உருப்படவில்லை. அதனால் என்ன, அடுத்தவன் வந்தான், அவனுக்கும் கொடுத்தார்கள். அப்போது பிரிவின் தலைவராக இருந்த ஹமாதி சொல்வார்: "டேய் முன்ஜி, பத்து பேருக்குக் குடுத்தா ஏழு பேரு கவுந்துருவான். அந்த ஏழு பேரு விழுந்தாத்தான்டா மூணு பேருக்கு வழி தெரியும். அதுக்குத்தான் நம்மள இங்க உக்கார வெச்சிருக்காங்க."

பிறகு ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய கோப்புகளைத் தோண்டினார்கள். ஹமாதி ஒப்பமிட்ட ஒரு மின்கலச் சோதனை தோற்று, அந்தக் கம்பெனியும் இழுத்து மூடப்பட்டிருந்தது. மக்கள் பணம் எங்கே போயிற்று என்று நீதிபதி கேட்டார். சோதனையில் போயிற்று என்றார் ஹமாதி. அரசாங்கத்துக்கு நஷ்டம் உண்டாக்கிய அதிகாரி என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டார்கள். ஒருத்தனிடம் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்காத மனிதர். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹமாதியின் மனைவி முன்ஜியின் தெருவிலேயே இருந்தாள். சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில், ஓலைக்கூடையில் முலூகியாக் குழம்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். அவளைப் பார்த்துவிடக் கூடாது என்று முன்ஜி வேறு தெரு சுற்றிப் போவார்.

"இதோ பாருங்க," என்றாள் ஹாயத் ஒருநாள், மிளகாய் இடித்துக்கொண்டே. "அவள மாதிரி கூடையத் தூக்கிட்டு வெயில்ல வரிசையில நிக்க என்னால ஆகாது. இப்பவே சொல்லிட்டேன். எனக்கு முழங்கால் வலி."

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதத்தான் சொல்றேன்."

ஹமாதியின் நாற்காலியில் முன்ஜியை உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பண்ணாமல் இருக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். அது லேசுப்பட்ட காரியமில்லை. மறுப்பதற்கும் ஒரு கையெழுத்து வேண்டுமே! ஆகையால் கொடுக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். இன்னொரு சான்றிதழ் கேட்பார். அது வந்தால் அதன் தேதி பழசாகிவிட்டது என்பார். கூட்டம் வைப்பார், கூட்டத்தை ஒத்திவைப்பார். வருஷம் ஓடியது. அலுவலகத்தில் இதைத் தவறு என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதே வித்தையைத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் தெற்கே காபிஸ் ஊரிலிருந்து பஸ்மா வந்து சேர்ந்தாள். முப்பது தாண்டிய பெண். அங்கே பாலைவனச் சோலைக் கிணறுகளில் தண்ணீர் உப்பேறி மாதுளை மரங்கள் கருகிக்கொண்டிருந்தன. உள்ளூர்க் களிமண்ணைக் குழாய்களாகச் சுட்டு, அந்த உப்பை வடிகட்டும் வழி ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். சின்னப் பட்டறை, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள். சின்ன அளவில் நன்றாக ஓடியது. ஒரு சோலை முழுவதற்கும் ஆகிற அளவில் செய்து பார்க்க உதவி வேண்டும். வந்தவள் மரியாதைக்கு ஒரு பை மாதுளையை மேசைமேல் வைத்தாள்.

"எடுங்க! மொதல்ல அத எடுங்க!" முன்ஜி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கேமரா இருக்கு!"

"ஐயோ, பழம் சார்."

"பழம்தான்னு கோர்ட்டுல யாரு நம்புவா?"

அவள் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மண்ணைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் சொல்லச் சொல்ல முன்ஜிக்குப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. நல்ல வேலை என்று தெரிந்தது. தெரிந்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று.

"இது ஓடும்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இருந்தா நான் எதுக்கு சார் இங்க வரேன்? பேங்க்குக்குப் போயிருப்பேனே. பெருசா பண்ணா மண்ணு தாங்குமா, வெடிச்சிருமான்னு பாக்கத்தான் கேக்கறேன்."

அப்போதுதான் முன்ஜியின் வாயிலிருந்து அது வந்தது. எந்த விதியிலும் இல்லாதது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஜெயிக்கும்னு எழுதிக் குடுங்க."

பஸ்மா சிரித்தாள். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "ஆராய்ச்சி ஜெயிக்கும்னா? நாளைக்கு மழை வரும்னு எழுதிக் குடுக்கட்டுமா சார்?" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த தடவை வந்தபோது அவள் சிரிக்கவில்லை. பட்டறையில் ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சோலைக்காரர்கள் மரங்களை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் முகம் இளைத்திருந்தது.

"குடுங்க சார் பேனாவ. என்ன எழுதணும்?"

முன்ஜி வரி வரியாகச் சொன்னார். இந்தச் சோதனை வெற்றி பெறும் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். அவள் எழுதினாள். ஒரு வார்த்தையில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளைக் கோப்பின் மேலேயே குத்திவைத்து, பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அனுமதியில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். ஹாயத்துக்கே ஆச்சரியம்.

கோடையில் குழாய்கள் வெடித்தன. பெரிய அளவில் சுட்டபோது மண் சமமாக வேகவில்லை. பஸ்மா ஒன்றையும் மறைக்காமல் அறிக்கை எழுதி அனுப்பினாள்: எங்கே வெடித்தது, ஏன் வெடித்தது, மணலை எவ்வளவு கூட்டினால் தாங்கக்கூடும். அந்த நாற்காலியில் ஹமாதி இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு, சபாஷ், இப்பதான் விஷயம் தெரிஞ்சிருக்கு என்று அடுத்த சோதனைக்கு வழி செய்திருப்பார். முன்ஜி அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

பூட்டி என்ன பயன்? தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். கோப்பைத் திறந்ததும் முதலில் அந்தத் தாள்தான். ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுத்து அரசாங்கத்தை ஏமாற்றியவள் என்று பஸ்மாமேல் வழக்குப் போட்டார்கள். முன்ஜியைச் சாட்சியாக அழைத்தார்கள். சாட்சிதானே என்று ஹாயத் தேற்றினாள். ஹமாதியையும் முதலில் சாட்சியாகத்தான் அழைத்தார்கள் என்பது அவள் மறந்துபோன விஷயம். முன்ஜி மறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப் போட்டது.

நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்திருந்தார்கள். பஸ்மா மெல்லப் பேசினாள்.

"வக்கீல் சொல்றாரு, அதிகாரி கேட்டு எழுதினதுன்னா ஏமாத்துனதா ஆகாதாம். நானா கொண்டுவந்து குடுத்தேன்னா ஜெயில்தானாம். நீங்க எழுதச் சொன்னீங்கங்கற ஒரு வார்த்த போதும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன்மா," என்றார் முன்ஜி. அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தார். அதை நான் நம்புகிறேன்.

ஒவ்வொருவராகத் தனியே விசாரிப்பது வழக்கம் என்று முதலில் முன்ஜியை அழைத்தார்கள். உள்ளே நீதிபதி இளம்பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"இது எப்படிக் கோப்புக்குள்ள வந்துச்சு? நீங்க கேட்டீங்களா, அவங்களே குடுத்தாங்களா?"

முன்ஜி வாயைத் திறந்தார். நான் கேட்டேன் என்றால், எந்த விதிப்படி கேட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். விதி இல்லை. அவ்வளவு சந்தேகம் இருந்தால் ஏன் அனுமதித்தீர்கள் என்று அதற்கடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.  

"கேட்டது காதுல விழலையா?"

"அவங்களே… அவங்களே கொண்டுவந்து குடுத்தாங்கம்மா."

எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார். அவ்வளவுதான், போகலாம் என்றாள் நீதிபதி. இத்தனை சுலபமா! இதற்கா இவ்வளவு நாள் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

பஸ்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா அண்ணே?"

இல்லை என்று சொல்லவும் அவருக்குப் பயம். தலையை ஆட்டினார்.

அவள் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அல்லாஹ் உங்க பிள்ளைங்களக் காப்பாத்துவான். எங்கம்மா கேட்டாங்க, அந்தாளு சொல்வானான்னு. நான் சொன்னேன், அவரு பயந்த மனுசன், ஆனா கெட்டவர் இல்லம்மான்னு."

பணியாள் அவள் பெயரைக் கூப்பிட்டான். அவள் கையை விட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகத்தோடு உள்ளே போனாள்.

முன்ஜி படிக்கட்டைப் பார்த்து ஓடினார். வயசானவர், பெரிய அதிகாரி, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் தோன்றவில்லை. அவளுக்கு அந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவதற்குள் தெருவுக்குப் போய்விட வேண்டும் என்று ஓடினார்.