இலையில் வைத்த சிகரெட் டின்

கருணாகரன் என்ற பெயரை மீனாச்சி முதன்முதலில் கேட்டது, தம்பி பொன்னுதுரை செத்த சேதியோடுதான். ஐம்பத்தொன்றாம் வருஷம். மலாயாவின் கம்யூனிஸ்ட் கலகத்தில் தோட்டக் காவலுக்குப் போன இரண்டு போலீஸ்காரரில் பொன்னுதுரை பாலத்தருகே சுடப்பட்டான். "கூட இருந்த கருணாகரன் கடைசிவரைக்கும் சண்டை போட்டான்மா. உன் தம்பி உயிர் அவன் மடியிலதான் போச்சு" என்றார் சேதி சொன்ன போலீஸ்காரர்.

தனியாகச் சாகவில்லை, மடி ஒன்று கிடைத்ததே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மீனாச்சி ஏழு வருஷம் சோறு தின்றாள்.

கருணாகரனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் குத்திய பதக்கத்தோடேயே நகராண்மைத் தேர்தலுக்கும் நின்றார். "மேடையில வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று கேட்டார். மீனாச்சியும் சரி என்றிருந்தாள்.

அவள் அப்பா தோட்டத்துத் தமிழர், அம்மா மலாக்காவின் காஜா பெராங் பகுதிச் செட்டிப் பெண், மலாய் பேசும் பழைய தமிழ்க் குடி. வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கும். செத்தவர்களுக்குப் படைப்பது மட்டும் அம்மா வழி. போகியன்று இலை போட்டு, அவரவர்க்குப் பிடித்ததை வைத்து, கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். செத்தவர்கள் வந்து தின்பார்கள்.

தேர்தலுக்கு முந்தின போகிக்குக் கருணாகரன் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொன்னுதுரையின் இலையில், இறால் சம்பாலுக்குப் பக்கத்தில், புது சிகரெட் டின் ஒன்றை வைத்தார்.

"இதுன்னா அவனுக்கு உசிரு. என் மடியில கெடந்தப்பகூட ஒண்ணு பத்தவச்சுக் குடுத்தேன். ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத்தான் கண்ணை மூடினான்."

சின்னம்மா பூங்காவனம் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினாள். "சிகரெட்டா? சாம்பிராணி போட்டாலே வாசலுக்கு ஓடுற பய. மூச்சு இழுக்கும்னு சொன்னா எடுக்கமாட்டாங்கன்னு மறைச்சுல்ல போலீஸ்ல சேர்ந்தான்."

மீனாச்சி கருணாகரனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

"நெசத்தைச் சொல்லு தம்பி. நீ எங்க இருந்தே?"

"பாலத்துக்கு அடியில."

"அவன் கூப்பிட்டானா?"

சட்டையில் கோணியிருந்த பதக்கத்தை நேராக்கிக்கொண்டார். "கூப்பிட்டான். அதெல்லாம் இப்ப எதுக்குக்கா? பேப்பர்காரரு காத்திருக்காரு. மேடைக்கு மட்டும் வந்துருங்க."

படைத்ததை, செத்தவர்கள் தின்னுமுன் யாரும் தொடக் கூடாது. மீனாச்சி தொட்டாள். சோறும் சம்பாலும் டின்னுமாக இலையைச் சுருட்டிக் கொண்டுபோய் வாசல் சாக்கடையில் போட்டாள். கையைக் கழுவினாள், நாற்றம் போகாததுபோல் மறுபடியும் கழுவினாள். பிறகு புது இலை விரித்து, முதலிலிருந்து பரிமாறினாள்.

கருணாகரன் சாக்கடையில் குனிந்து டின்னை மட்டும் எடுத்தார். மூடி திறக்காத டின். கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மேடைக்கு அவள் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் சொன்ன கதையில் அந்தச் சிகரெட் ஒரு வாய்த் தண்ணீராக மாறியது. சனம் அழுதது, அவர் ஜெயித்தார். பிறகு கோயில் கமிட்டித் தலைவர், பள்ளிக்கூட விழாவுக்கெல்லாம் மாலை. போன இடமெல்லாம் அதே பாலம், அதே மடி. மீனாச்சி சாகிறவரை அவர் இருந்த பந்தியில் கை நனைக்கவில்லை.

கருணாகரன் இப்போது மலாக்கா பக்கத்தில் புக்கிட் காதிலில் மகள் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்.