ஆடிக்கு முன் வாங்கிய கிராஃபைட்

அந்த ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது என் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை மரத்துப்போனது. இடுக்கி நழுவவில்லை. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஈப்போவில் பல் மருத்துவராக இருக்கிறேன். பிழைப்பே அந்தக் கைதான்.

காரணம் எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துப் போட்ட மைதானத்தில் என் மனைவியின் அண்ணனோடு கோல்ஃப் ஆடுவேன். பந்து மட்டையின் நடுவில் படாவிட்டால் அதிர்வு மட்டையின் தண்டான ஸ்டீல் ஷாஃப்ட் வழியாக முழங்கைவரை ஏறும். அன்று மாலை எலும்பு மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: அதிர்வு குறைந்த கிராஃபைட், அதாவது கரியிழை, ஷாஃப்டுக்கு மாறிப் பாருங்கள், அப்படியும் வலித்தால் ஆட்டத்தை விட்டுவிடுங்கள்.

மனைவி நாள்காட்டியைப் பார்த்தாள்.

"வாங்குறதுன்னா இப்பவே வாங்கிருங்க. ஆடி பொறந்துட்டா புதுசு ஒண்ணும் வீட்டுக்கு வரக்கூடாது."

ஆடி பிறக்க இருந்தது அடுத்த வாரம். மறுநாளே மைத்துனரை அழைத்துக்கொண்டு ஜெலாப்பாங்கில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே வலைக்குள் பந்தை அடித்தால், அது எங்கே விழுந்திருக்கும் என்று திரை காட்டும். ஸ்டீலில் அடித்தவை ஒரே இடத்தில் கூடி விழுந்தன. கிராஃபைட் எடை குறைவு. கை முந்திக்கொண்டது, பந்துகள் உயரப் போய் இடப்பக்கம் சிதறின. ஆனால் முழங்கை சும்மா இருந்தது.

மைத்துனர் லூமுட்டில் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிராஃபைட் மட்டையை என் கையிலிருந்து வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான், தொடப்பக்கட்ட மாதிரி இருக்கு. லூமுட்ல எங்கூட ஆடுற பொம்பளைங்கதான் இத வச்சு அடிப்பாங்க."

"அவங்க ஜெயிக்கிறாங்களா?"

"அத மட்டும் கேக்காத லா."

கேலி என்னை உறுத்தவில்லை. கிராஃபைட்டிலும் வலித்தால் என்ன செய்வது என்பதுதான் உறுத்தியது. ஸ்டீல் கையில் இருக்கும்வரை பழியை அதன்மேல் போடலாம். அதையும் மாற்றிவிட்டால் மிஞ்சுவது என் கைதான். கடையை மூடும் நேரம்வரை இரண்டையும் மாற்றி மாற்றி அடித்துவிட்டு, கிராஃபைட்டுக்குப் பணம் கட்டினேன்.

ஒன்றை யோசிக்கவில்லை. ஷாஃப்ட் கோலாலம்பூரிலிருந்து வந்து, புது மட்டைகளில் பொருத்த வேண்டும். மட்டைகள் தயாரானபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆனியிலேயே காசு கட்டியாச்சே," என்றேன்.

"கட்டுனது ஆனி. வர்றது ஆடி. கடையிலேயே கெடக்கட்டும்," என்றாள் மனைவி.

பழைய ஸ்டீலைத் தொடப் பயம். ஆடி முழுக்க நான் ஆடவே இல்லை.

ஆவணி முதல் ஞாயிறு புது மட்டையோடு இறங்கினேன். பந்து கொஞ்சம் இடப்பக்கம் போனது. வலி இல்லை. மறுநாள் பல் பிடுங்கும்போதும் கை நன்றாகவே இருந்தது.

"பாத்தியா, கிராஃபைட் வேல செய்யிது. அந்த ஸ்டீல வித்துரு," என்றார் மைத்துனர்.

விற்றுவிட்டேன். ஆனால் கையைக் காப்பாற்றியது கிராஃபைட்டா, ஆடி மாத ஓய்வா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஸ்டீலில் மறுபடி அடித்துப் பார்க்க வேண்டும், அதற்குத் துணிவில்லை. இன்றும் பந்து சரியாகப் படாத ஒவ்வொரு முறையும், அது எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு முன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.