பிறை தெரியாத விரல்கள்

நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை தெரியாவிட்டால் இதயம் பலவீனம் என்று ஒரு செய்தியை, என் மனைவியின் அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிட்டார். எனக்குக் கட்டைவிரல்களில் மட்டும் பிறை உண்டு. மற்றவற்றில் நிரந்தர அமாவாசை. அன்றோடு வீட்டில் எனக்கு ஆட்டுக்கறி நின்றது. முருங்கைக்கீரைச் சூப்பில் என் இதயத்தை ஊறவைத்தார்கள்.

அந்த அண்ணனே உசிலம்பட்டியில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். கிடா வெட்டு. அதற்குள் பிறை முளைக்காவிட்டால் எனக்கு ரசம்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.

மேல்முறையீடாக ஒத்தக்கடை டாக்டரிடம் போனோம். விரல்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நிறையப் பேருக்குத் தோலுக்குள்ள மறைஞ்சிருக்கும் சார். நோயெல்லாம் இல்ல. எனக்கே இல்ல, பாருங்க" என்று சுண்டுவிரலை நீட்டினார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "பாவம், அவருக்கும் இதயம் சரியில்ல போல."

விருந்தன்று பந்தியில் என் இலையில் மட்டும் வெள்ளைச் சோறும் ரசமும். மனைவி பின்னால் காவலுக்கு நின்றாள். எங்கள் பக்கம் விருந்து வைப்பவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வருவார். கறி விழாத இலை அவரை முகத்தில் அறைந்த மாதிரி. மச்சான் வந்தார். நின்றார்.

"என்ன மாப்ள, எங்க வீட்டுக்கு வந்து ரசத்தப் பெசஞ்சிக்கிட்டு இருக்கீக? என்மேல எதும் கோவமா?"

"கோவமில்ல மச்சான். பிறை இல்ல."

"நீங்க அனுப்புனதுதாண்ணே, நகத்துல பிறை தெரியாட்டி இதயம் போச்சுன்னு" என்றாள் மனைவி.

"நானா? வந்ததத் தள்ளி விட்டிருப்பேன். அம்புட்டையும் எவன் படிக்கிறது?" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று தன் கையைப் பார்த்தார். முகம் வெளிறியது. பக்கத்து இலைக்காரர் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் வளையல்காரரிடம் நீட்டுவது போல மொத்தப் பந்தியும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுண்டுவிரலிலும் பிறை இல்லை. வலது கைகள் மட்டும் கறியை விடவில்லை.

"இம்புட்டுப் பேரும் செத்தா போயிட்டோம்?" என்று மச்சான் கத்தினார். "மாப்ளைக்குக் கறியப் போடுங்கப்பா, மானம் போகுது!"

"ஒங்க மானத்துக்காக இன்னைக்கு மட்டும்ண்ணே" என்றாள் மனைவி.

வாளி என் இலைக்கு வந்தது. அப்போதுதான் அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வாய் நிறையக் கறி இருந்தது.