நீலம்தான் சூடு

“உங்க நட்சத்திரம் என்னங்க?” என்று கேட்டுக்கொண்டே, வாளியிலிருந்த சிவப்பு மையைக் கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் சொட்ட விட்டுப் பார்த்தார் இந்துமதி. மகம் என்றேன். ஜாதகம் பார்க்கப் போகிறார் என்று நினைத்து ராசியையும் சேர்த்துச் சொன்னேன். “ராசி வேண்டாமுங்க. மகம் பயங்கர வேகமுங்க. பதினாறு மணி நேரத்துல தன்னைத்தானே ஒரு சுத்து. சுத்தற சுத்துல நடுவால பிதுங்கிக் கெடக்குது.” என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாளிக்குள் குனிந்துகொண்டார்.

வயது நாற்பத்தாறு. திருப்பூரில், பனியன்களுக்குப் படம் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் கலர் மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து வரும் துண்டுத் துணியைப் பார்த்து, எந்த மை எத்தனை கிராம் என்று கலந்து, அதே நிறத்தை வாளியில் கொண்டுவருவது அவர் வேலை. குன்னத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார். நகக்கண்களில் ஏழெட்டு நிறங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. சேலை மட்டும் ஒரே நிறத்தில்தான். பூப்போட்டதைக் கட்டினால் நாள் முழுக்க எந்தப் பூவில் என்ன மை என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுமாம்.

வானத்துப் பித்து பிடித்தது ஒரு விளக்குப் பெட்டியால். துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று அதற்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கான பொத்தானில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருந்தது. பழுதுபார்க்க வந்தவர் அதை வெப்பம் என்றாராம். “தொட்டா வெதுவெதுன்னு கூட இல்லீங்க, அப்புறம் எப்படீங்க ஆறாயிரம்?” என்று இவர் விடவில்லை. ஒரு பொருளை அத்தனை சூடாக்கினால் என்ன நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம் என்று விளக்கிவிட்டுப் போனார் அவர். அன்றைக்குப் பிடித்த பிடிதான். நட்சத்திரத்தின் சூட்டையும் நிறத்தை வைத்தே சொல்லலாம் என்று செல்போனில் படித்தவர், இன்று இருபத்தேழில் எதைக் கேட்டாலும் விவரம் வைத்திருக்கிறார். பீகாரிலிருந்து வந்த பிரிண்டர் ஒருவர் தனக்கு நட்சத்திரம் தெரியாது என்றதும், திருவாதிரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். “சூரியன் இருக்கற இடத்துல அதை வெச்சா பூமி, செவ்வாய் எல்லாம் அதும் வயித்துக்குள்ளங்க. பெரிய நட்சத்திரம். வெச்சுக்கட்டும்.”

போன மாதம் நான் போயிருந்த அன்று மெஷின் நின்றிருந்தது. குழந்தைகள் சட்டை, நாற்பதாயிரம். படத்தில் இரண்டு நட்சத்திரங்கள். சிவப்புக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கையில் விசிறி. நீலம் கழுத்தில் மப்ளர் சுற்றி நடுங்குகிறது. “இது தப்புங்க. நீலம்தான் சூடு. நான் கலக்க மாட்டேனுங்க” என்று இந்துமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் பிரதீப்புக்கு அழுகை வராத குறை. “அக்கா, ஆர்டர் குடுத்த பையரே ஓக்கே பண்ணுன டிசைனுங்க. வெறும் கார்ட்டூன். யாரு பாக்கப் போறாங்க?”

“போடற கொழந்தை பாக்குமில்ல கண்ணு? அது மனசுல மொதமொதல்ல ஏறறதே பொய்யாவா ஏறோணும்?”

முதலாளி பெருமாள்சாமி முகம் சிவக்க வந்து நின்றார். சரக்கு சனிக்கிழமை கப்பலுக்குப் போக வேண்டும். “ஏன் அம்மிணி, வேலை வேணுமா, வேண்டாமா?”

பத்தொன்பது வருட வேலை. இந்துமதி இரண்டு வாளிகளையும் அருகருகே நகர்த்தி வைத்தார். குரல் நடுங்கவில்லை. “வேணுமுங்க. படம் அடிக்கப் புது ஸ்கிரீன் கூட வேண்டாமுங்க. ரெண்டு மையையும் இடம் மாத்தி ஊத்துனாப் போதும். ஒரு பீஸ் அடிச்சு, போட்டோ அனுப்பிக் கேளுங்க. முடியாதுன்னா சொன்னபடியே கலந்து குடுத்தர்றனுங்க.”

பெருமாள்சாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மத்தியானம் மூணு மணி வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பீஸ் அடித்துப் படம் போயிற்று. பையரிடமிருந்து முதலில் ஒரு கேள்விதான் வந்தது. “இதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கறாங்க அக்கா. என்ன எழுதட்டும்?”

“அவங்க ஊர்ல இரும்பு காய்ச்சறதில்லீங்களா? மொதல்ல செவக்கும், அப்புறம் மஞ்சளாகும், அப்புறம் வெளுக்கும். அதுக்கும் மேல சூடேறுனா நீலம், ஆனா இரும்பு அத்தனை தாங்காது, நட்சத்திரம் தாங்கும்னு எழுதுங்க. செவந்த கேட்டை மூவாயிரத்துச் சொச்சம், நீலமா இருக்கற சித்திரை இருபத்தையாயிரம்.” அந்த ஊர்க்காரர்களுக்குக் கேட்டையும் சித்திரையும் எங்கே தெரியப்போகிறது என்று பிரதீப் தலையைச் சொறிந்தார். ஆங்கிலப் பெயர்களைத் தேடிப் போட்டு அனுப்பினார்.

இந்துமதி அன்று சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. கழுவிய கரண்டியையே மறுபடி மறுபடி கழுவினார். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரதீப் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “மாத்திக்கச் சொல்லிட்டாங்க அக்கா! நாங்க யாருமே கவனிக்கல, நன்றின்னு போட்டிருக்காங்க!” எனக்கே அப்பாடா என்றிருந்தது. பெருமாள்சாமி தன் அறைவாசலில் நின்று, “அப்புறம் என்ன, ஓட்டுங்க மெஷினை” என்றார். குரலில் கோபத்தைத் தேட வேண்டியிருந்தது.

முதல் சட்டை மை உலர்த்தும் அடுப்பிலிருந்து காய்ந்து வெளியே வந்தது. இந்துமதி அதை மேசையில் விரித்தார். மப்ளர் சுற்றிய சிவப்பு நட்சத்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு, விசிறி வைத்திருந்த நீலத்தை ஒற்றை விரலால் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்து, விரலை ஊதிக்கொண்டார்.