மூன்றாம் வரிசையில் போன பேச்சு

அந்த மருத்துவ உதவி மையத்தில் அவரை எல்லோரும் ரவுட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஏணியும் கேபிள் சுருளுமாக வேலைக்கு வந்தவர். இப்போது ஒரு சின்னக் குளிர் அறையில் உட்கார்ந்து, மையத்தின் இணைய இணைப்பில் எது முதலில் போக வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று ரவுட்டருக்கு விதி எழுதுகிறார். நாற்பது பேர் நோயாளிகளோடு, அதே இணையம் வழியாக ஓடும் தொலைபேசியில் பேசும் இடம். அதனால் குரல் முதல் வரிசை, அலுவலக வேலை இரண்டாவது, வீடியோ எல்லாம் மூன்றாவது. மதிய நெரிசலிலும் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "நான் பேசுனா மட்டும் உங்களுக்கு மூணாவது வரிசை" என்பார் மனைவி.

ஒரு திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த இரண்டு சைகைமொழிப் பெண்களில் ஒருவர் அவர் அறைக்கு வந்தார். காது கேளாதவர்கள் வீடியோவில் அழைத்தால் கையால் பேசிப் பதில் சொல்வது அவருடைய வேலை.

"சார், படம் நின்னு நின்னு வருது."

"பன்னண்டு மணிக்கு மேல வீடியோ அப்படித்தாம்மா இருக்கும். குரல் நல்லா வருதில்ல?"

"எங்க வீடியோ கால்ல குரலே கிடையாது சார். இப்ப ஒருத்தங்க, குழந்தைக்கு எத்தனை மாத்திரை குடுத்தேன்னு விரல்ல காட்டினாங்க. படம் உறைஞ்சு போச்சு. ரெண்டா மூணான்னு தெரியல. திரும்பத் திரும்பக் கேட்டதும் பயந்துட்டாங்க."

"அப்புறம்?"

"நாலாவது தடவைதான் தெரிஞ்சுது. ரெண்டு."

ரவுட்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. விதி எழுதியபோது வீடியோ என்றால் அவர் மனதில் இருந்தது பயிற்சிப் படங்களும், சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் பார்க்கும் விளையாட்டும்தான்.

பதற்றத்தில் எல்லா வீடியோவையும் முதல் வரிசைக்கு ஏற்றினார். பத்தே நிமிடத்தில் தொலைபேசிகள் கரகரத்தன. மேலாளர் வந்து நின்றார்.

"ரெண்டு மேசைக்காக நாப்பது மேசையக் கெடுக்கறீங்களே."

"அவசரப்பட்டுட்டேன் சார், சரி பண்ணிடறேன். ஆனா அந்த ரெண்டு மேசையும் வீடியோ பாக்கல. பேசுது."

"எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டார் மேலாளர்.

ஒரு மணி நேரம் ஆனது. பழைய விதியை மறுபடி போட்டுவிட்டு, அந்த இரண்டு கணினிகளின் வீடியோவை மட்டும் தனியாகப் பிரித்தார். இணைப்பில் குரலுக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பங்கை ஒதுக்கி, அதைத் தாண்டாதபடி வரம்பும் வைத்தார்.

மறுநாள் மதியம், நெரிசல் நேரத்தில் சோதித்துப் பார்க்க, அந்தப் பெண் காது கேளாத தன் அக்காவை அழைத்தார். அக்காவின் கைகள் ஓயாமல் ஓடின. படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஒரு வாரமா ஏன் கூப்பிடலன்னு திட்டு. மூச்சு விடாம." அவர் சிரித்தார். "நீங்க யாருன்னு கேக்கறா சார். சாப்டாச்சான்னும் கேக்கறா."

"ஆச்சும்மா" என்று திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார் ரவுட்டர்காரர். சொன்ன பிறகுதான் உறைத்தது. கூச்சத்தோடு தலையை ஆட்டினார்.