ஆமெனுக்கு முன்னால் பேசியது

இங்கிலாந்தில் அந்த ஆலோசனை அறைக்குள் கால் வைத்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தோல். மாட்டுத்தோல். அதிலும் அறுத்தெடுத்த அடித்தோலுக்கு நிறமும் மெழுகும் பூசி, மேல்தோல் என்று ஆள்மாறாட்டம் செய்ய வைத்தது. ஆம்பூர் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்கு இதைச் சொல்லக் கண் வேண்டாம். ஆனால் கண்ணுக்கு அங்கே தோலே இல்லை. சோபாவின் மேல் பூப்போட்ட பருத்தி விரிப்பு ஒன்று நான்கு மூலையும் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதை விலக்கிக்கொண்டு என் மூக்கு மட்டும் ஊருக்குப் போய்விட்டது. வாணியம்பாடி தாண்டியதும் ரயிலில் எல்லோரும் கைக்குட்டையைத் தேட, நாங்கள் மட்டும் பெட்டியை இறக்கத் தொடங்குவோமே, அந்த நாற்றத்துக்கு.

“உங்கள் நம்பிக்கையைப் புண்படுத்த வேண்டாமே என்று மூடி வைத்தேன்” என்றார் ஆலோசகர் ஹெலன். பசுவைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், தோல்தான் எனக்குச் சோறு போட்டது என்று என் தொழிற்சாலை ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் கண் கலங்கிவிட்டது. “அது உங்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஹெப்சி என் தொடையைக் கிள்ளினாள். ஒரு வருஷத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஆலோசனை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நம் ஊர் நர்ஸுகளை இங்கிலாந்து கொத்துக் கொத்தாக அழைத்துக்கொண்டிருந்தது. வேலூரில் இருபது வருஷம் வார்டில் நின்ற ஹெப்சி போனாள். மகனைக் காட்பாடியில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் பெட்டி மாதிரி நானும் போனேன். அவளுக்கு அங்கே மூன்று விதமான டியூட்டி. அவள் வரும்போது நான் உறங்குவேன், நான் எழும்போது அவள் போயிருப்பாள். ஒருநாள் ஆஸ்பத்திரியில் விரிப்புகள் அடுக்கும் அறையில் நின்று அவள் அழுததை யாரோ பார்த்துவிட்டார்கள். உடனே ஒரு துண்டுத்தாள் வந்தது. வாழ்க்கை மாற்றங்களில் தடுமாறுவோருக்கு, அவரவர் நம்பிக்கையை மதிக்கும், பண்பாடு அறிந்த ஆலோசனை. ஏழு மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்தது இந்தி. ஆம்பூர் தோஸ்துகளின் உருது தயவில் எனக்கு அது காதால் புரியும், கண்ணால் புரியாது.

இந்த இடத்தில் எங்கள் வீடுகளின் ஒரு வழக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்களில் புருஷன் பெண்டாட்டி நேருக்கு நேர் சண்டை போடுவது குறைவு. குடும்ப ஜெபத்தில் போடுவோம். தொண்ணூறுகளில் என் கம்பெனி பஸ்ஸும் அவள் வேலூர் பஸ்ஸும் வருவதற்கு முன், காலை ஆறு மணிக்கு முழங்கால் போடுவோம். “கர்த்தாவே, தோஸ்துங்க கூட ஜாஸ்தி நேரம் டீக்கடையிலயே குந்திக்கினு இருக்கிற உம்ம பிள்ளைக்கு வீட்டு வழியக் காட்டும்” என்பாள். நான் விடுவேனா? “பிதாவே, வார்டுல நோயாளிங்ககிட்ட பேசற அன்பான வார்த்தையில கொஞ்சம், கம்மியா இருந்தாலும் பரவால்ல, வீட்டுக்கும் அனுப்பும்” என்பேன். கண்ணைத் திறக்கக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது. ஆமென் சொன்ன பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. ஆண்டவர் கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது அவிசுவாசம். இங்கிலாந்தில் டியூட்டி நேரங்கள் இந்த ஜெபத்தைத் தின்றுவிட்டன. சண்டை நின்றது. அக்கம்பக்கத்தில் எங்களை அமைதியான தம்பதி என்றார்கள்.

மூன்று வாரம் ஹெலன் என்ன கேட்டாலும் “ஃபைன்” என்றோம். நாலாவது வாரம் அவர் எதையோ படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். “உங்கள் மொழியில் ஒரு பிரார்த்தனையோடு தொடங்கலாமா?” என்று கேட்டுவிட்டுத் தானும் தலை குனிந்தார். நாங்களும் கண்ணை மூடினோம். ஹெப்சி தொண்டையைக் கனைத்தாள்.

“கிருபையுள்ள ஆண்டவரே, ஸ்தோத்திரம். இவரு கோட்டுப் பாக்கெட்ல ஒரு லெட்டர் கீது. ஆம்பூர் கம்பெனியில திரும்ப வேலைக்குக் கூப்பிடறாங்க. ரெண்டு மாசமா என்கிட்ட சொல்லல. உம்மகிட்டயாவது சொன்னாரா?”

கண்ணைத் திறக்காமல் நானும் தொடங்கினேன். “பிதாவே, சொல்லலதான். ஊர்ல நான் காலையில உள்ள நுழைஞ்சா ஷிப்டே எழுந்து நிக்கும். இங்க நான் நுழையறதுக்கு சமையல்கட்டுதான் இருக்குது. விசாவுல டிபென்டென்ட்னு போட்டிருக்குதே, நீர் பார்த்தீரா?”

“இருபது வருஷமா நான் எல்லா ஃபாரத்துலயும் இவரு சம்சாரம்னுதானே எழுதினேன்? ஒரு நாளாவது பேஜார் பண்ணனா, ஆண்டவரே?”

நான் பேச்சை மாற்றினேன். “அவளும் கூட வரணும்னு அவ மனசுல பேசும், பிதாவே.”

“வரமாட்டேன்னு சொல்லிடும். இங்க டாக்டரு என்னைக் கேட்டுட்டுத்தான் மருந்து எழுதறாரு. அங்க டாக்டருங்களுக்கு எழுந்து நின்னு எழுந்து நின்னே என் முட்டி போச்சு. இவரு போறதுன்னா போகட்டும். நான் தடுக்கல. எனக்கு அழறதுக்கு மட்டும் நல்ல இடமா ஒண்ணு காட்டும்.”

அவள் குரல் உடைந்தது. நான் இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பயந்துபோய், “ஆமென்” என்றேன்.

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மொழி புரியவில்லை. ஆனால் இந்த அறையில் இப்படியொரு அமைதியை நான் உணர்ந்ததே இல்லை.” எங்களுக்குள் ஆழ்ந்த பொது நம்பிக்கை இருக்கிறது, இனி வரத் தேவையில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார். சிரிக்காதீர்கள். ஒரு வருஷம் நாங்கள் பேசாததை அவர்தான் பேச வைத்தார். எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம், மரியாதையாக உட்கார்ந்து, ஒன்றும் புரிந்துகொள்ளாத ஓர் ஆள்.

நான் ஊருக்குத் திரும்பும் பயணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. ஆமென் ஆமென்தான், இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஃப்ரீசர் கொள்ளாத அளவுக்குக் குழம்பு வைத்து, ஒவ்வொரு டப்பாவிலும் கிழமை எழுதினேன். அவள் என் பிரஷர் மாத்திரைகளைக் காலைக்கும் ராத்திரிக்குமாகப் பிரித்துப் பொட்டலம் கட்டினாள். ஒருவர் இல்லாத வீட்டுக்கு இன்னொருவரை இவ்வளவு அக்கறையாகத் தயார் செய்த தம்பதி வேறு இருக்க முடியாது.

இப்போது ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். இரண்டு தடவை புலம்பெயர்ந்தவன் நான். ஒரு தடவை இங்கிலாந்துக்கு, ஒரு தடவை இங்கே. “இன்னா சார், லண்டன் ஒத்துக்கலியா?” என்று கேன்டீனில் கேட்கிறார்கள். காலையில் உள்ளே நுழைந்தால் ஷிப்ட் எழுந்து நிற்கத்தான் செய்கிறது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன், நான் நுழைவதும் வேலை தொடங்கும் பெல் அடிப்பதும் ஒரே நேரம்.

நான் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு அவள் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். கோட்டுக்குள் யூனிபார்ம் தெரிந்தது. சோதனை வரிசைக்கு நான் திரும்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். எங்கள் இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, ஆமெனுக்குப் பின் பேசக் கூடாது என்ற சட்டத்தை மீறினாள்.

“கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. அங்க போனா உங்களுக்கு இன்னா கிடைக்கும்?”

“காலையில நான் வரலன்னா தேடுவாங்க, ஹெப்சி.”

“சாயங்காலம் யாருங்க தேடுவாங்க?”